‘இம்ப்ரூவ்டு’ என்றால் பாஸ் இல்லை

மூன்று வாரமாக இந்த வெள்ளைத்தாள் என் ஆட்டோவின் சீட்டுக்கு அடியில்தான் கிடந்தது. அதில் கிரீஸ் பட்டது. ஒரு சவாரிக் குழந்தை அதில் மிட்டாய்க் கையைத் துடைத்தது. அப்படியே சுருட்டி ஓடையில் எறிந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு அது நல்லதும்கூட.

என்னை எழுதச் சொன்னது பிஜு. நான் முன்பு வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில், நான் உட்கார்ந்திருந்த அதே ஜன்னலில் இப்போது உட்கார்ந்திருப்பவன். ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வுபெற்ற ஊழியர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுத வேண்டுமாம். எனக்கு வயது முப்பது. முப்பது வயதில் ஓய்வுபெற்றவன் இந்தப் பனச்சமூட்டு ஆட்டோ ஸ்டாண்டில் நான் ஒருவன்தான். அதனால் இங்கே எனக்குப் ‘பென்ஷன்’ என்று பெயர்.

பிஜு கையில் ஒரு ரப்பர் சீல் இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் பழைய மேசையை ஒழித்தார்கள், அதில் கிடந்தது என்றான்.

“அண்ணா, இதுல ‘ம்ப்ரூவ்டு’ன்னு என்னவோ இருக்கு. என்ன வார்த்தையாக்கும் இது?”

“அது ஒரு மருந்துக்க பேரு மக்கா. தேங்காயெண்ணெயில கொழச்சு நெத்தியில தேச்சா புத்தி வரும்.”

அவன் சீலையே உற்றுப் பார்த்தான். நம்பிவிட்டானோ என்று எனக்குத் திக்கென்றது. என் வாயிலிருந்து வருவதை ஒருவர் நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

“எலே, சும்மா சொன்னேன். மொத எழுத்து தேஞ்சு போச்சு. ‘இம்ப்ரூவ்டு’ ஆக்கும்.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“எழுதித் தாறேன், போ.”

ஆக, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் எழுதத்தான் இந்தக் கட்டுரை. அந்த அர்த்தத்துக்குள் ஒரு மனிதருடைய சாவு இருக்கிறது. அவர் பெயர் தாசையன். அவருடைய மகன் வில்சன் எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்தே என் நண்பன். தினமும் அவன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் நான் சாயா குடிக்கிறேன். அவன் அப்பாவின் சாவில் எனக்கு என்ன பங்கு என்று அவனுக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் முதலில் அவன் கையில்தான் கொடுப்பேன். அவன் கிழித்துப்போட்டால் மலரில் ஒரு பக்கம் மிச்சம். பிஜு அங்கே ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாறசாலைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் பத்திரிகைக்காரர்கள் என் நம்பரை அச்சடிக்க மறந்துவிட்டார்கள். வில்சன் என்னை மாதிரி இல்லை. பத்தாவது பாஸ், காலேஜில் பிரி டிகிரியும் பாஸ். பாஸான பிறகும் அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நெய்யாற்றின்கரையில் ஒரு டியூட்டோரியலுக்குப் போனான்.

“ஜெயிச்சவன் மறுபடியும் எதுக்குலே எழுதுதான்?” என்று கேட்டேன்.

“இது இம்ப்ரூவ்மெண்டாக்கும். மார்க் கூட்டுகதுக்கு எழுதுதது. ஒன்ன மாதிரி தோத்தவனுக்கு இது கெடையாது. பாஸானவன் மட்டும்தான் எழுதலாம்.”

இம்ப்ரூவ்மெண்டில் அவன் பழையதைவிடக் குறைவாக வாங்கினான், பிறகு பஞ்சர் கடை வைத்தான், அது வேறு விஷயம். ஆனால் அவன் அன்று சொன்னது என் மண்டையில் ஆணி அடித்தது மாதிரி நின்றுவிட்டது. இம்ப்ரூவ்மெண்ட் என்றால் ஏற்கெனவே கரையேறியவர்கள் சமாச்சாரம். நமக்கு அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. டி.பி. வார்டில் எடுபிடி. பெட்பான் கழுவுவது, எடை பார்க்கும் மிஷினைத் தள்ளுவது, எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. கழுவவும் தள்ளவும் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் போதும். பேசாமல் இருக்கத்தான் கடைசி வரை கற்றுக்கொள்ளவில்லை.

நான் சேர்ந்த சில நாளில் வார்டுக்குப் புது டாக்டர் வந்தார். பெண். மதுரைப் பக்கம். சின்ன உருவம், சத்தமே வராத செருப்பு. அவருக்குக் கோபம் வந்தால் ஒரே ஓர் அடையாளம்தான்: எழுதிக்கொண்டிருக்கும் பேனாவுக்கு மூடி போடுவார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

முதல் நாள் ரவுண்ட்ஸ். முதல் கட்டிலில் கேட்டார், “எப்படி இருக்கீங்க?”

“கொறவு உண்டு டாக்டரம்மா.”

இரண்டாவது கட்டில். “கொறவு உண்டு.” மூன்றாவது கட்டிலிலும் அதே பதில். டாக்டர் முகம் வாடிப்போனது. என் பக்கம் திரும்பினார்.

“என்னப்பா, எல்லாருக்கும் குறை இருக்கு? என்ன குறைவுன்னு சொல்றாங்க?”

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போனால் ‘கொறவு உண்டா?’ என்றுதான் விசாரிப்போம். நோய் குறைந்திருக்கிறதா என்று அர்த்தம். ‘கொறவு உண்டு’ என்றால் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் போகவில்லை. மலையாளத்திலும் அப்படித்தான். இதை நான் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“கஞ்ஞியில உப்பு கொறவுன்னு சொல்லுதாங்க டாக்டர்.”

அவர் நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். இரண்டு நாள் வார்டு முழுக்கக் கடல்தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாள் ஒரு நோயாளி கும்பிட்டுவிட்டுச் சொன்னார், “டாக்டரம்மா, இருமலு நல்ல கொறவு உண்டு. ஆனா கஞ்ஞிய மட்டும் வாயில வைக்க முடியல்ல.”

பேனா மூடி ‘டிக்’ என்றது.

டாக்டர் அறைக்குப் போனேன். மேசைமேல் ஒரு டம்ளர் கஞ்சி இருந்தது. “குடி” என்றார். குடித்தேன். “உப்பு போதுமா?” என்றார். போதும் என்றேன். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

“நாளையிலேருந்து ரவுண்ட்ஸ்ல என் பக்கத்துல நில்லு தம்பி. அவங்க சொல்றத எனக்குச் சொல்லு. நான் சொல்றத அவங்களுக்குச் சொல்லு. ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

இப்படித்தான் கஞ்சிக்கு உப்புப் போட்டவன் மொழிபெயர்ப்பாளன் ஆனான். ஆறு மாதத்தில் டிஸ்சார்ஜ் ஜன்னலும் என் கைக்கு வந்தது.

ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு டாக்டர் வைத்திருந்த முறையை இன்றைக்கும் நான் தூக்கத்தில் சொல்வேன். முதலில் எடை. அந்த மிஷின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை, அதனால் தினமும் காலையில் தானே ஒருமுறை ஏறி நிற்பார். அவர் எடை மாறியிருந்தால் மிஷின் கிறுக்கு என்று அர்த்தம், முள்ளைத் திருகி வைப்பார். அடுத்தது எக்ஸ்ரே. சேர்ந்த அன்று எடுத்தது ஒன்று, இப்போது எடுத்தது ஒன்று. இரண்டையும் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடிக்க வேண்டும். பிடிப்பது நான். கை ஆடினால் ‘டிக்’. பிறகு சளிப் பரிசோதனைச் சீட்டு. கடைசியாக நடை. நோயாளி கட்டிலிலிருந்து கேட் வரை சத்தமாக எண்ணிக்கொண்டே போய் எண்ணிக்கொண்டே திரும்ப வேண்டும். எந்த எண்ணில் மூச்சு முறிகிறது என்று டாக்டர் வராந்தாவில் நின்று கேட்பார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அட்டை. மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை, அடுத்து வர வேண்டிய தேதி எல்லாவற்றையும் அவரே எழுதுவார். மேசையில் நாலு சீல் இருக்கும்: ‘கியூர்டு’, ‘இம்ப்ரூவ்டு’, ‘நோ சேஞ்ச்’, நாலாவது சாவுக்கானது. வாயால் சொல்ல மாட்டார். எந்தச் சீல் வேண்டுமோ அதன் கைப்பிடியைப் பேனாவால் ஒரு தட்டு தட்டுவார். நான் குத்தி, ஊதி, காயவைத்து ஜன்னலுக்குக் கொண்டுபோவேன். நாலாவதை மட்டும் என்னிடம் தர மாட்டார். அதை அவரேதான் குத்துவார்.

‘கியூர்டு’ சீலின் ரப்பர் எப்போதும் புதுசு. ‘இம்ப்ரூவ்டு’ தேய்ந்து முதல் எழுத்தே போய்விட்டது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“இந்த நோய்ல ரெண்டு மாசத்துல இருமல் நிக்கும், உடம்பு தேறும். உள்ள பூச்சி சாகாது தம்பி. இன்னும் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாத்தான் அது சாகும். நடுவுல விட்டா, அடுத்த தடவ அந்த மாத்திரைக்கு அது பயப்படாது. அதனால வீட்டுக்குப் போறவங்க எல்லாருக்கும் இம்ப்ரூவ்டுதான். இதுக்கு உங்க ஊர்ல என்ன வார்த்தை?”

“கொறவு உண்டு.”

“உப்பா?” என்றார். அவர் கேலி செய்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு ஒரு காகிதத்தில் தன் கையால் எழுதி என்னிடம் கொடுத்தார். நாலு வரி. இரண்டாவது வரி: ‘இம்ப்ரூவ்டு — கொறவு உண்டு. நோய் போகவில்லை. மருந்தை நிறுத்தக் கூடாது. சொன்ன தேதிக்கு வர வேண்டும்.’ அதை ஜன்னலின் உள்பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். ஒவ்வொருவருக்கும் அதை வாசித்துக் காட்டுவதுதான் என் வேலை.

கொஞ்ச நாள் வாசித்தேன். பிறகு அலுத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வரிசை, வெயில், வாடிய முகங்கள். ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொன்னால் வரிசை முழுக்கச் சிரிக்கும். ‘நோ சேஞ்ச்’ வந்தால் “பழைய கிளாஸ்லயே இரும்” என்பேன். ‘இம்ப்ரூவ்டு’ வந்தால் “பாஸ்!” சிரித்து முடித்த பிறகு காகிதத்தில் உள்ளதையும் சொல்லிவிடுவேன், பெரும்பாலும். ஒருநாள் டாக்டர் பின்னால் நின்று கேட்டுவிட்டார்.

“இது மார்க் லிஸ்ட் இல்ல தம்பி” என்றார். ‘டிக்’ கேட்கவில்லை. அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாசையன் மாமா பாறையில் கல் உடைப்பவர். வெள்ளறடைக்கு மேலே ஒரு குவாரியில் இருபது வருடம் உடைத்து, அந்தத் தூளையும் சேர்த்து விழுங்கி, கடைசியில் ரத்தம் துப்பிக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தார். கிண்டலில் எனக்கு அப்பன். மூன்று தடவை தோற்றவன் என்பதால் என்னை ஹெட்மாஸ்டராக்கி ‘ஹெட்மாஷே’ என்றுதான் கூப்பிடுவார். இரண்டு மாதம் தினமும் ஊசி. ஒருநாள்கூட முனகியதில்லை. ஊசி போட வரும் நர்ஸிடம், “குத்து பிள்ளே, பாறையில வெடிக்குழி போடுதது மாதிரி நெனச்சிக்கோ” என்பார்.

அவர் போகும் நாள் வந்தது. எடை ஏழு கிலோ ஏறியிருந்தது. பழைய எக்ஸ்ரேயில் பஞ்சு மாதிரி இருந்த இடம் புதியதில் பாதியாகியிருந்தது. நடக்கச் சொன்னதும் மலையாளத்தில் எண்ணிக்கொண்டே கேட் வரை போனார், தமிழில் எண்ணிக்கொண்டே திரும்பினார். மூச்சு எங்கேயும் முறியவில்லை. டாக்டர் இரண்டாவது சீலைத் தட்டினார். மாத்திரையைப் பற்றி அவரிடம் நேரிலும் சொன்னார். மாமா கையைக் கட்டிக்கொண்டு “செரி செரி” என்றார். பிறகு ஜன்னலுக்கு வந்தார்.

“டாக்டரம்மை சொன்னது பாதியும் நம்ம காதுல ஏறல்ல. அவுங்க பேசுதது பாண்டித் தமிழுல்லா. நீ சொல்லு ஹெட்மாஷே, எனக்க ரிசல்ட் என்ன?”

நான் அட்டையை உயரத் தூக்கிப் பிடித்தேன். “ரெஜிஸ்டர் நம்பர் பதினொண்ணு, தாசையன். பாஸ்! சும்மா பாஸ் இல்ல மாமா, இம்ப்ரூவ்மெண்டு பாஸாக்கும். ஒம்ம மொவன் வில்சனுக்குக் கிட்டாதது ஒமக்குக் கிட்டியாச்சு.”

வரிசை சிரித்தது. மாமா மீசையை முறுக்கினார். பிறகு அட்டையில் விரல் வைத்துக் கேட்டார், “அப்பம் இந்தத் தேதி போட்டிருக்கே, அது என்னத்துக்கு?”

“அது தோத்தவனுக்கு. பாஸானவன் மறுபடி பள்ளிக்கூடத்துப் பக்கம் வருவானா? இனி இஞ்ச ஒம்ம மொகத்தக் காணப்பிடாது, கேட்டீரா.”

“அப்பிடிச் சொல்லு மக்கா!”

ஒரு மாத மாத்திரையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார். கூப்பிட்டு அந்தக் காகிதத்தை வாசிக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் அடுத்த ஆள் அட்டையை நீட்டிவிட்டார். அவருக்கு வாசித்தேன். மாமாவுக்கு வாசிக்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

சொன்ன தேதிக்கு அவர் வரவில்லை. வராதவர்களின் அட்டை நகல்களைச் சனிக்கிழமை தோறும் டாக்டர் தனியாக எடுத்து வைப்பார், நான் ஆளுக்கொரு போஸ்ட்கார்டு எழுத வேண்டும். மாமாவின் நகலும் அதில் இருந்தது. அந்த வாரம்தான் பனச்சமூட்டுச் சந்தையில் அவரைப் பார்த்திருந்தேன். தலையில் ஒரு கட்டு மரச்சீனிக் கிழங்கு. “பாத்தியா ஹெட்மாஷே, பாஸானவன!” என்று தூரத்திலிருந்தே கத்தினார்.

“டாக்டர், இவரு நல்லா இருக்காரு. சந்தையில கண்டேன். தடிச்சிட்டாரு” என்றேன்.

“தேறினவங்களுக்குத்தான் மாத்திரை மறந்து போகும். கார்டு போட்டியா?”

“போட்டேன் டாக்டர்.”

போடவில்லை. சந்தையில் சிரித்த ஆளுக்குப் போஸ்ட்கார்டு எதற்கு என்று நினைத்தேன். அது முதல் பொய்.

பத்து மாதம் கழித்து, ஜூன் மாத இடவப்பாதி மழையில், வில்சன் அவரை ஓர் ஆட்டோவில் போர்வை சுற்றிக் கொண்டுவந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கட்டில் விரிப்பைத் தூக்குவது மாதிரி இருந்தது. பழைய அட்டையை ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு மடிப்புகூட விழாமல் வைத்திருந்தார்கள். ஊதா மையில் அந்த வார்த்தை மங்காமல் இருந்தது.

டாக்டர் கேட்டார், “ஏன் மாத்திரை வாங்க வரல?”

மாமா அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரே கவரைப் பார்த்தேன்.

“மறந்து போச்சு டாக்டரம்மா.”

“பத்து மாசமாவா?”

“வயசாச்சுல்லா.”

பேனா மூடி ‘டிக்’ என்றது. அந்தக் கோபம் என்மேல் விழ வேண்டியது. மாமா வாங்கிக்கொண்டார்.

டாக்டர் போனதும் மாமா கையசைத்து என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். “இம்ப்ரூவ்மெண்டு எழுத வந்திருக்கேன் மக்கா” என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ரத்தமாகி, நான் பீங்கான் பேசினை நீட்டிப் பிடித்தேன்.

பழைய மாத்திரை கேட்கவில்லை. வேறு மருந்து வரவழைத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. வாரா வாரம் நான்தான் எடை மிஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். டாக்டர் முள்ளைத் திருகித் திருகிப் பார்த்தார். மிஷின் சரியாகத்தான் இருந்தது. பார்க்க வருகிற சர்ச்சுக்காரர்கள் “கொறவு உண்டா?” என்று கேட்டால் மாமா சொல்வார், “நல்ல கொறவு உண்டு. எடையாக்கும்.” கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

ஒரு முற்பகல் அவர் போனார். டாக்டர் அட்டையில் நாலாவது சீலைக் குத்தினார். பிறகு என் ஜன்னலுக்கு வந்து, பிளாஸ்திரி மஞ்சளாகிப்போயிருந்த அந்தக் காகிதத்தை நின்று முழுக்க வாசித்தார்.

“இத அவருக்கு வாசிச்சுக் காட்டினியா?”

“காட்டினேன் டாக்டர்.”

அவர் பேனாவை மூடவில்லை. “அப்ப நான் பேசினதுதான் அவருக்குப் புரியல போல” என்றார். நான் சொன்ன அந்தக் ‘காட்டினேன்’ இரண்டாவது பொய்.

மூன்றாவது பொய்தான் பெரியது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சாவுச் சீட்டு வாங்க வில்சன் வந்தான். அந்தப் பழைய அட்டையும் கையில் இருந்தது.

“எலே, இதுல ‘இம்ப்ரூவ்டு’ன்னு இருக்கே. நான் எழுதின எக்ஸாமுக்க பேரு. அப்பன் எப்பளும் நெஞ்சத் தட்டி ‘நான் பாஸு, நான் பாஸு’ன்னு சொல்லுவாரு. பாஸானவரு எப்பிடிலே செத்தாரு?”

அந்தக் காகிதம் என் மூக்குக்கு நேராக இருந்தது. அதை வாசித்திருக்கலாம்.

“அது டாக்டருமாரு போடுததுலே” என்றேன். “கட்டிலு காலியாகணும்னா அப்பிடி ஒண்ணு குத்தி அனுப்பி விடுவாங்க.”

அவன் அட்டையை மடித்தான். முதல் தடவையாக அதில் மடிப்பு விழுந்தது. அதன் பிறகு போன இடமெல்லாம் அதைச் சொன்னான். சர்ச் முற்றத்தில் சொன்னான், சந்தையில் சொன்னான். கட்டில் காலியாக வேண்டும் என்று நோய் தீராத ஆளைச் சீல் குத்தி அனுப்பிய மதுரை டாக்டர் என்று ஊர் பேசியது. அவர் காதுக்கும் அது வந்தது. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஜன்னலுக்குத் தானே வந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தக் காகிதத்தை எங்கள் பேச்சிலேயே வாசித்துக் காட்டத் தொடங்கினார். ‘கொறவு உண்டு’ என்பதை அவர் சொன்னால் உப்புக் குறைவு என்பது போலத்தான் இருக்கும். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மறுவருடம் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, அந்தக் காகிதத்த எடுத்துடாத.”

பிறகு அந்த வார்டையே மூடினார்கள், ஓ.பி.யும் ஜன்னலும் மட்டும் மிச்சம். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் நான் ஒருவன். இப்படித்தான் நான் ஓய்வுபெற்ற ஊழியன் ஆனேன்.

சீட்டுக்கு அடியில் கிடந்த தாளைப் போன வாரம் நான் எடுத்ததற்குக் காரணம் மலர் இல்லை. ஸ்டாண்டில் ஓட்டுகிற ஓர் ஆளுக்கு ஒரு மாதமாக இருமல். கர்சீப்பில் சிவப்பு. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவர் கேட்டார். ட்யூபை உரசிக்கொண்டிருந்த வில்சன் தலையைத் தூக்காமலே சொன்னான், “அங்க மட்டும் போவாண்டாம் அண்ணே. எனக்க அப்பன அவியதான் கொன்னாவ.” நான் பக்கத்துப் பெஞ்சில் இருந்தேன். சாயா கையில் இருந்தது. அந்த ஆள் போகவில்லை. மறுநாள் காலையில் நானே அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் பிஜுவின் ஜன்னலில் இறக்கிவிட்டேன். வில்சனிடம் நெய்யாற்றின்கரைக்குச் சவாரி என்று சொன்னேன். இது எத்தனையாவது பொய் என்று எண்ணவில்லை.

பிஜு, அர்த்தம் இதுதான். இம்ப்ரூவ்டு என்றால் பாஸ் இல்லை. சொகமாச்சு என்றும் இல்லை. இங்கிலீஷ்காரன் அதை ஏறுவதாகச் சொல்கிறான், நாம் குறைவதாகச் சொல்கிறோம். இரண்டிலும் ஆள் இன்னும் போய்ச் சேரவில்லை. பாதி வழியில்தான் நிற்கிறார். உன் கம்ப்யூட்டர் இப்போது என்ன அச்சடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதை அச்சடித்தாலும் வாயால் ஒருமுறை சொல்லு. அந்தக் காகிதம் இன்னும் ஒட்டியிருந்தால் அதில் உள்ளபடியே சொல்லு. ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

வில்சா, தாசையன் மாமாவை அனுப்பியது டாக்டர் இல்லை. நான்.

இதுவரை எழுதியதை நேற்று வில்சனிடம் கொடுத்தேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

ஒரு லாரி ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தான். எதிரே என் வண்டியில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் சவாரி கேட்டு வந்தார்கள், வண்டி ரிப்பேர் என்றேன். கஞ்சியும் உப்பும் வருகிற இடத்தில் சிரிப்பான் என்று நினைத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பினான். கடைசித் தாளை இரண்டு தடவை வாசித்தான் என்று நினைக்கிறேன், அல்லது வாசிக்காமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தானோ, தெரியாது. தொட்டியில் ட்யூபின் ஓட்டையிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது.

தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, மடிக்காமல் ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். கண்ணைப் பார்க்கவில்லை. முன் டயரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனிடம் கேட்பது மாதிரி கேட்டான்:

“இப்பம் ஒனக்குக் கொறவு உண்டாலே?”